ஒன்பதாவது கட்டம்

படிவத்தில் பதினேழு கட்டங்கள்.
டின்செட்டில் அக்டோபர் பிறந்துவிட்டால்
நான் மனிதர்களைக் கட்டம் கட்டமாகத்தான் பார்க்கிறேன்.

கால்களா, பீடமா என்று கேட்டேன்.
கால்கள், என்றாள் சொல்ஃப்ரிட்.
அடியில் நாய் படுக்கும்.
நாய்க்கு வயது பதிமூன்று, என்றார் ஓட்வார்.
அதனால்தான், என்றாள்.
கால்கள் என்று குறித்துக்கொண்டேன்.

நிறத்துக்கு நேரம் பிடித்தது.
பாசிப் பச்சை, ஈயச் சாம்பல், வெறும் கறுப்பு.
அவள் மூன்று தகடுகளையும் ஜன்னலுக்குத் தூக்கிப்போய்
மேகத்தின் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்,
பட்டாணிச் சூப்பின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தாள்.
அவர் எதுவும் சொல்லவில்லை.

பக்கங்களில் மாக்கல் உறை,
நாலாயிரத்து இருநூறு குரோனர் கூடுதல்,
தணல் அவிந்தபின்னும் விடியும்வரை சூடு நிற்கும்.
ஓட்வார் கல்லை விரல்முட்டியால் தட்டினார்,
தர்பூசணி வாங்குகிறவர்போல.
சரி.

வெளிக்காற்றுக் குழாய், சரி.
சாம்பல் தட்டு ஒன்றல்ல, இரண்டு,
ஒன்று ஆறும்வரை மற்றொன்று.
சுவருக்கும் அடுப்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று
நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார், மில்லிமீட்டரில்.
புகைக்குழாய் கூரையைத் தாண்டி எத்தனை,
தரைத்தகடு கதவுக்கு முன்னால் எத்தனை
என்று அடுத்தடுத்துக் கேட்டார்.
எனக்கே பரீட்சை வைத்ததுபோல் இருந்தது.
இருபத்தாறு வருடம் தீயணைப்புப் படை, தொண்டர்,
என்றாள் அவள்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

பிறகு ஒன்பதாவது கட்டம்.
கண்ணாடிக் கதவா, வார்ப்பிரும்பா?

இரண்டு பதில்கள் ஒரே மூச்சில் வந்தன.

நான் நெருப்பைப் பார்த்து முடித்துவிட்டேன், என்றார் ஓட்வார்.
கோபம் இல்லை. செருப்பு அளவு சொல்வதுபோல் சொன்னார்.
மேட்டுப் பண்ணையில் மாட்டுக்கொட்டகை எரிந்த இரவைப்பற்றி
இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும்.
யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

சொல்ஃப்ரிட் கையுறைகளைக் கழற்றினாள்.
உன் இடுப்பில் அந்தக் கருவி அலறும்போதெல்லாம்
வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு
சமையலறையில் உட்கார்ந்திருந்தவள் நான்.
ஒரு நாள்கூட அதன் முகத்தைப் பார்த்ததில்லை.
எனக்குக் கண்ணாடி வேண்டும்.

குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும் கொஞ்ச நேரம்.
இப்படிப்பட்ட தருணங்களுக்கு
என்னிடம் ஒரு வாக்கியம் உண்டு:
கீலில் இரண்டு ஊசிகள்தான்,
கதவை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.
விற்கிறவளின் வாக்கியம். உண்மையும்கூட.

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள்.
இரும்பே எழுதுங்கள், என்றாள்.
இடுக்கி, மூடி போட்ட வாளி, நீளக் கையுறை ஒரு ஜோடி.
விறகுக்கூடை வேண்டாம்,
வீட்டில் பழைய மீன்பெட்டி இருக்கிறது.

ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தெட்டு.
குளோம்மா நதியின்மேல் லாரித் தடங்கள்.
ஓட்வார் தனியாக வந்தார்,
இமைமயிர்களில் உறைபனி.
உள்ளே எப்படி எரிகிறதென்று தெரியமாட்டேன் என்கிறது.
அரைமணிக்கொரு தடவை திறந்து பார்க்கிறேன்.
ராத்திரியிலும்.
அவள் எண்ணிக்கொண்டு வருகிறாள், நேற்று பத்தொன்பது.
திறந்தால் புகை உள்ளே வருகிறது.
நாய் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டது.

குழாயில் ஒட்டுகிற வெப்பமானி இருக்கிறது,
காந்தம் வைத்தது, முந்நூற்றுத் தொண்ணூறு.
அல்லது, என்று தொடங்கினேன்.
வெப்பமானி, என்றார்.

பணத்தை எண்ணி வைத்தார்.
வாசலில் நின்று, திரும்பாமல் கேட்டார்:
அந்தக் கண்ணாடி கறுத்துப்போகுமா?
ஈர விறகென்றால் கறுக்கும்.
என் பிர்ச் இரண்டு கோடை காய்ந்தது, என்றார்,
குடும்பத்தைப் பழித்துவிட்டதுபோல.

வண்டி போன பிறகு கிடங்குக்குள் போனேன்.
கண்ணாடிக் கதவு ஒன்று மிச்சம்,
அதே பட்டாணிப் பச்சை.
அட்டைப்பெட்டியில் சாக்கட்டியால்
அவர்கள் படிவத்தின் எண்ணை எழுதிவைத்தேன்.

யாரும் சொல்லவில்லை.
பிப்ரவரி முழுசாக பாக்கி இருக்கிறது.